விவசாயத்துக்கு மட்டும்

திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வயல் என்று விரல் நீட்டிக் காட்ட இன்று ஓர் இடம் கிடையாது. தொழிற்சாலை, கண்டெய்னர் யார்டு, லாரி வரிசை, நடுநடுவே குடியிருப்பு, கிழக்கே கடல், அவ்வளவுதான். நெற்பயிரைப் பார்க்க வேண்டுமென்றால் மீஞ்சூர் தாண்டிப் பொன்னேரிப் பக்கம் போக வேண்டும். ஆனால் வயலே இல்லாத இந்தப் பகுதியில் தண்ணீர் டேங்கரையும் செங்கலையும் இடிபாட்டையும் இழுத்துக்கொண்டு ஓடிய டிராக்டர்களின் இன்சூரன்ஸ் காகிதங்கள் என் கைக்கு வந்தபோதெல்லாம், பயன்பாடு என்ற இடத்தில் ஒரே வாசகத்தைத்தான் பார்த்திருக்கிறேன்: விவசாயம் மற்றும் காடு சார்ந்த வேலைகளுக்கு மட்டும், வாடகைக்கு ஓட்டக் கூடாது. பொன்னேரிப் பக்கம் யாராவது ஓர் உறவினர் பெயரில் நிலம் இருக்கும். அந்தப் பட்டாவைக் காட்டி விவசாயக் கடன் வாங்குவார்கள், வண்டியும் விவசாய வண்டியாகப் பதிவாகும். விற்றவருக்கும் தெரியும், ஏஜென்டுக்கும் தெரியும், கடன் கொடுத்தவருக்கும் தெரியும். ஓர் ஆள் சாகும்வரை இதில் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை.

ஆள் செத்த பிறகு அந்தக் காகிதம் என்னிடம் வரும். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் வக்கீல் பட்டியலில் பல வருடங்கள் இருந்தேன். பெயர் வேண்டாம், எல்லாக் கம்பெனிகளும் அதே காகிதத்தைத்தான் அச்சடித்தன, அதே கேள்விகளைத்தான் கேட்கச் சொல்லின. நான் சொல்லப் போகும் வழக்கில் கம்பெனி கேட்டதில் பாதியை வாங்கிக் கொடுத்தேன். கோப்பின் மேல் ‘சாதகம்’ என்று எழுதினார்கள்.

வர்தா புயல் 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை, சென்னையில் கரையேறியது. முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்து ஒரு வாரம். ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதத்துக்குச் சற்று மேல். நகரத்தில் மரங்கள் விழுந்ததை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். வடசென்னைக் கடலோரத்தில் விழுவதற்கு அவ்வளவு மரம் இல்லை. அங்கே வந்தது மணல். சென்னைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கிய 1870களிலிருந்தே அந்தக் கரைக்கு இந்த வம்பு உண்டு. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்துவிட, தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. கருங்கல்லைக் கொட்டினார்கள், தூண்டில் வளைவு போட்டார்கள். கடல் தின்றதில் ஒரு பங்கைப் புயல் நாட்களில் தெருவிலேயே துப்பிவிட்டுப் போகும். எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒரு குப்பத்துத் தெருவில் அன்று துப்பியது முழங்கால் உயரம். மணல் மட்டும் என்றால் மண்வெட்டி போதும். அதற்குள் ஆஸ்பெஸ்டாஸ் துண்டு, தெர்மாகோல், கட்டுமரக் கயிறு, கிழிந்த வலை எல்லாம் சுருண்டு கிடந்தன. மின்சாரம் இல்லை, தண்ணீர் லாரி உள்ளே வர வழியில்லை. கைக்குழந்தைக்காரிகள் குடத்தோடு மெயின் ரோடு வரை மணலில் கால் புதைய நடந்தார்கள்.

மூன்றாம் நாள், வியாழக்கிழமை காலை, குப்பத்தார் இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு டிராக்டர்காரரைக் கூப்பிட்டார்கள். ஐம்பதை நெருங்கிய மனிதர், வண்டியும் ஒன்றே ஒன்று, டிரைவரும் அவரே. வழக்கமாகத் தண்ணீர் டேங்கரை இழுப்பவர், அன்று டேங்கரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்பக்கம் லெவலர் பிளேடை மாட்டிக்கொண்டு வந்தார். வயலைச் சமன்செய்ய என்று செய்த பிளேடு அது. ஹைட்ராலிக் லீவரைத் தட்டினால் பின்னால் இறங்கி மண்ணைக் கவ்வும். வண்டி முன்னே நகர, மணல் பிளேடுக்கு முன் சுருண்டு திரண்டு கூடவே வரும். தெருமுனையில் பிளேடைத் தூக்கிக் குவியலை விட்டுவிட்டு, ரிவர்ஸில் பழைய இடத்துக்கே வர வேண்டும். சாகுபடி தெரியாத ஊரில் அந்த பிளேடுக்குக் கிடைத்த உருப்படியான வேலை அதுவாகத்தான் இருக்கும்.

அந்தக் குப்பத்துக்காரர் ஒருவர், வயது முப்பத்துநாலு, யார்டுகளில் சரக்கு ஏற்றி இறக்குபவர், உதவிக்கு வண்டியில் ஏறி மட்கார்டில் உட்கார்ந்துகொண்டார். பிளேடில் கல் மாட்டினால் இறங்கி எடுப்பது, குழந்தைகளை விரட்டுவது, இதுதான் அவர் ஏற்றுக்கொண்ட வேலை. கூலி எதுவும் பேசவில்லை; அது அவருடைய தெரு. பத்தேகால் மணி வாக்கில் பிளேடில் வலை சுற்றிக்கொண்டது. வண்டி ரிவர்ஸ் எடுத்தது. அவர் பிளேடுக்கும் ஒரு வீட்டுத் திண்ணைக்கும் நடுவில் நசுங்கினார். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

போலீஸில் தகவல் கொடுத்தது இறந்தவரின் அக்காள் மகன். சம்பவத்தின்போது அவன் அங்கே இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்டதைச் சொன்னான். அவன் சொன்னதை எழுத்தர் முதல் தகவல் அறிக்கையில் தன் பாணியில் ஒரே வாக்கியமாகச் சுருக்கினார்: டிராக்டரின் மட்கார்டில் அமர்ந்து சென்றவர், வண்டியைப் பின்னால் எடுத்தபோது தவறி விழுந்து பிளேடில் சிக்கி இறந்தார். பல வருட அனுபவத்தில் நான் கண்டது, குடும்பத்தின் தலைவிதி பெரும்பாலும் தீர்ப்பில் எழுதப்படுவதில்லை; துக்கத்தில் இருக்கும் யாரோ ஒருவர் நள்ளிரவில் கையெழுத்துப் போட்ட இந்த மாதிரி ஒரு வாக்கியத்தில்தான் எழுதப்படுகிறது.

ஏனென்றால் டிராக்டரில் ஓர் ஆளுக்குத்தான் இருக்கை, அது ஓட்டுநருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் டிராக்டரை வரையறுக்கும்போதே, தன்மேல் சுமை ஏற்றுவதற்காகச் செய்யப்படாத வண்டி என்கிறது. கட்டாய இன்சூரன்ஸ் காப்பாற்றுவது மூன்றாம் நபரை, அதாவது தெருவில் நடப்பவரை, எதிர் வண்டியில் வருபவரை. மட்கார்டில் தொற்றிக்கொண்டு வருகிறவர் தெருவில் நடப்பவரும் இல்லை, அனுமதிக்கப்பட்ட பயணியும் இல்லை. அவருக்காக யாரும் பிரீமியம் கட்டியதில்லை, ஆகவே கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிடலாம். அவரே ஒரு நிமிடம் முன்னால் கீழே இறங்கி நின்றிருந்தால் அந்தக் கணமே மூன்றாம் நபர் ஆகிவிடுகிறார். ஒரே ஆள், ஒரே வண்டி, ஒரே சாவு. கால் தகரத்தில் இருந்ததா, மணலில் இருந்ததா என்பதில் சுமார் இருபது லட்சம் ரூபாய் வித்தியாசம்.

விதவையும் இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் சேர்ந்து 2017 மார்ச்சில் இழப்பீட்டு மனு போட்டார்கள். சென்னையில் இவ்வகை வழக்குகளைச் சிறுவழக்கு நீதிமன்றத்தின் நீதிபதிகள் தீர்ப்பாயமாக இருந்து விசாரிக்கிறார்கள். விபத்து வேறு எல்லையில் நடந்திருந்தாலும் கம்பெனியின் அலுவலகம் சென்னையில் இருந்ததால் இங்கே போட முடிந்தது. எதிர்மனுதாரர்கள் இருவர்: வண்டிக்காரர் ஒன்று, கம்பெனி இரண்டு. எனக்கு வந்த உத்தரவிலும் இரண்டே வரி. ஒன்று, இறந்தவர் மட்கார்டில் இருந்தார் என்று நிரூபி. இரண்டு, அது முடியாமல் போனால் வண்டி விவசாயத்துக்கு ஓடவில்லை, வாடகைக்கு ஓடியது என்று நிரூபி. முதலாவது வென்றால் கம்பெனி ஒரு பைசா தர வேண்டாம். இரண்டாவது மட்டும் வென்றால் தந்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூலிக்கலாம்.

முதலாவதைத் தோற்கடித்தது ஒரு மீன்காரம்மா. குடும்பத்தின் தரப்பில் இரண்டாவது சாட்சி. அன்று அந்தத் தெருவில் தன் வீட்டு வாசலில் நின்று கூடையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தவர். சாட்சிக்கூண்டில் ஏறியதும் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, நீதிபதியைவிட்டு என்னைப் பார்த்தே பேசினார். அவர் மட்கார்டில் உட்கார்ந்து வந்தது உண்மைதானே என்றேன். “ஆமா சார், குந்திக்கினுதான் வந்தான்” என்றார். எனக்கு வேண்டிய பதில் அது. அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியவன், இன்னொரு கேள்வி கேட்டேன். அப்படியானால் அங்கிருந்து விழுந்துதானே சிக்கினார்?

“இன்னா சார், உழுந்தான்றீங்க. வலை சுத்திக்கிச்சு, அத்த இழுக்கறதுக்கு அவனே எறங்குனான். நான் பாத்துக்கினுதான் இருந்தேன். ரெண்டு காலும் மணல்ல இம்மாம் பொதைஞ்சிருந்துச்சு” என்று கூண்டின் விளிம்பிலிருந்து கையைத் தன் கெண்டைக்கால் உயரத்துக்கு இறக்கிக் காட்டினார். “குனிஞ்சான். வண்டி பின்னால வந்துச்சு. கால் பொதைஞ்சிருந்ததால வெடுக்குனு எடுக்க முடியல சார் அவனால.”

பொய் சாட்சிக்கு இந்தக் கெண்டைக்கால் வராது. சொல்லிக்கொடுத்த சாட்சி ‘இறங்கி நின்றார்’ என்பதோடு நின்றுவிடும். மணல் காலைப் பிடித்துக்கொண்டது என்று ஒரு வக்கீலுக்கும் சொல்லித்தரத் தோன்றாது. முதல் தகவல் அறிக்கை விசாரணையைத் தொடங்கி வைக்கும் காகிதம் மட்டுமே, அதுவே சாட்சியம் ஆகிவிடாது. மேலும் இழப்பீட்டு வழக்கில் குற்ற வழக்குபோல ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. எந்தப் பக்கம் நம்பத்தக்கதாகச் சாய்கிறதோ அது போதும். அன்று மாலையே ஆபீஸுக்குப் போன் செய்து முதல் வாதம் போயிற்று என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாவது வாதத்துக்கு எனக்கு ஆவணம் இருந்தது, சாட்சி இல்லை. தெருவில் மணல் தள்ளியது விவசாயம் இல்லை என்பது வெளிப்படை. ஆனால் வாடகை என்பதற்கு என்ன அத்தாட்சி? வழக்கமாக இந்த வழக்குகளில் வண்டிக்காரர்கள் வரவே மாட்டார்கள். நோட்டீஸை வாங்கி அரிசி டப்பாவுக்கு மேல் வைத்துவிடுவார்கள். அவர்கள் இல்லாமலே ஒருதலையாக வழக்கு நடக்கும். இவர் வந்தார், வக்கீல் இல்லாமல் வந்தார். விதவையின் வக்கீல் கூப்பிட்டிருக்கிறார்: இறந்தவர் கீழே இறங்கித்தான் இருந்தார் என்று நீங்களும் சொன்னால் அந்தப் பிள்ளைகளுக்குக் காசு வரும் என்று. அப்படிச் சொல்வது, பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தேன் என்று தானே ஒப்புக்கொள்வதற்குச் சமம் என்பதை அவரிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லியிருந்தாலும் வந்திருப்பார் என்றே நினைக்கிறேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தார், எழுதியிருந்ததைப்போல எல்லாவற்றையும் சொன்னார். ஆமாம், இறங்கித்தான் இருந்தான். ஆமாம், நான் பின்னால் பார்க்கவில்லை, இறங்கியது தெரியாது.

நான் எழுந்தேன். அன்றைக்கு வேலை செய்ததற்குக் குப்பத்தார் ஏதாவது கொடுத்தார்களா?

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என்னிடம் மறுக்க ஒன்றுமில்லை. ரசீது இல்லை, கணக்கு இல்லை, கொடுத்தவர்கள் யாரும் எனக்காக வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“டீசலுக்குன்னு ஐந்நூறு குடுத்தாங்க சார். ஐஞ்சு நூறு ரூபா நோட்டு. அப்போ நோட்டு கெடைக்காத நேரம் இல்ல? வூட்டுக்கு வூடு வசூல் பண்ணி சில்லறையா சேத்து, அதைக் கடையில குடுத்து நூறா மாத்திக் குடுத்தாங்க. அதனாலதான் நல்லா ஞாபகம் இருக்குது.”

“அதாவது பணம் வாங்கிக்கொண்டு வண்டி ஓட்டினீர்கள்.”

“ஆமா சார்.”

நான் உட்கார்ந்துவிட்டேன். குறுக்கு விசாரணையில் எங்கே நிறுத்துவது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருடம் பிடித்தது. மீன்காரம்மாவிடம் கோட்டை விட்டதை இவரிடம் விடவில்லை.

அந்த ஐந்நூறு ரூபாயை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அன்றைய விலைக்கு டீசல் எட்டு, ஒன்பது லிட்டர் வந்திருக்கும். அந்த டிராக்டர், பிளேடை இறக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் திணறினால் ஏறக்குறைய அவ்வளவும் தீர்ந்துவிடும். அவருடைய வேலைக்கும் வண்டித் தேய்மானத்துக்கும் சல்லிக்காசு மிஞ்சாது. வாடகை என்றால் லாபம் கருதிக் கொடுப்பதும் வாங்குவதும். செலவைப் பகிர்ந்துகொள்வது வாடகை ஆகாது என்று அவர் பக்கம் ஒரு வக்கீல் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் வாதிட்டிருக்க முடியும். எனக்கு அந்த வாதம் அன்றே, அவர் கூண்டில் நிற்கும்போதே தோன்றியது. எதிராளியின் வாதத்தை எடுத்துக் கொடுப்பது என் வேலை இல்லை. தொழில் ஒழுக்கம் என்று புத்தகத்தில் இருப்பது அதுதான், நான் அதை மீறவில்லை.

சட்டத்தின் நிலையைச் சொல்கிறேன். செங்கல் சூளைக்கு மண் ஏற்றிக்கொண்டு போன டிராக்டர் டிரெய்லரிலிருந்து விழுந்த கூலியாள் ஒருவரின் வழக்கு 2007இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, பிரிஜ் மோகன் வழக்கு என்பார்கள். சூளைக்கு மண் அடிப்பது விவசாயம் இல்லை, கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஆனால் கேட்டு நின்றவர் ஏழைக் கூலி. ஆகவே அரசியல் சட்டத்தின் 142ஆவது பிரிவின்கீழ் தனக்கு மட்டும் உள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தி, முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வாங்கிக்கொள்ளட்டும் என்றது. அதற்கு முன்பே, 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் விரிவாகச் சொல்லியிருந்தார்கள்: பாலிசி நிபந்தனையை வண்டிக்காரர் மீறினார் என்பது கம்பெனிக்கும் அவருக்கும் உள்ள சண்டை, அடிபட்ட மூன்றாம் நபரை அதில் இழுத்துப் பட்டினி போடக் கூடாது. கொடு, பிறகு வசூலி. மனிதாபிமானமான ஏற்பாடு என்றே எல்லோரும் சொல்கிறோம், நானும் கூட்டங்களில் அப்படிப் பேசியிருக்கிறேன். கொடுப்பது யாருக்கு என்பதைத் தீர்ப்புகள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன. வசூலிப்பது யாரிடம் என்பதற்கு ஒரு வரிதான்.

பயன்பாடு என்ற சொல்லை வைத்துச் சட்டம் இப்படி முறுக்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. பனி கொட்டும் நாடுகளில் கிராமத்துச் சாலையையும் வீட்டு வாசல் பாதையையும் மூடிய பனியைத் தள்ளப் பக்கத்துப் பண்ணை டிராக்டரைத்தான் கூப்பிடுவார்கள். நம் குப்பத்தார் செய்தது அதையேதான், வெள்ளைக்குப் பதில் மணல். பிரிட்டனின் 1994ஆம் வருட வாகன வரிச் சட்டத்தில் பனி தள்ளும் வண்டிக்கு என்று தனியாக ஒரு வகையே இருக்கிறது. அதை எழுதியவர் ஊர் தெரிந்தவர்: தள்ளும்போது மட்டுமல்ல, தள்ளப் போகும்போதும் தள்ளிவிட்டுத் திரும்பும்போதும் அது பனி தள்ளும் வண்டிதான் என்று சேர்த்திருக்கிறார். வருடா வருடம் பனி வரும் என்று அந்த நாடாளுமன்றத்துக்குத் தெரியும். வருடா வருடம் ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரைக்கு என்ன வரும் என்று நமக்கும் தெரியாமல் இல்லை. வர்தாவுக்கு ஏறக்குறைய ஏழு வாரம் கழித்து, 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கரையில் ஒதுங்கிய எண்ணெய்க் கசடை மனிதர்கள் வாளியால் அள்ளினார்கள். எந்த வேலை எந்த வண்டிக்கு, அடிபட்டால் யார் பொறுப்பு என்பதை நாம் எப்போதும் அள்ளி முடித்த பிறகுதான் யோசிக்கிறோம்.

தீர்ப்பு 2018 நடுவில் வந்தது. கணக்கு சூத்திரப்படி. மாத வருமானம் 9,000 என்று எடுத்துக்கொண்டார் நீதிபதி. வயது நாற்பதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வாக நாற்பது சதவீதம் சேர்த்து 12,600. நான்கு பேர் நம்பியிருந்ததால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து 9,450. அதை வருடத்துக்காக்கி, முப்பத்துநாலு வயதுக்குரிய பெருக்கெண் பதினாறால் பெருக்கினால் 18,14,400. ஈமச்செலவு, சொத்திழப்பு, இல்லறத் துணையிழப்பு என்று 2017இல் பிரணய் சேத்தி தீர்ப்பு நிர்ணயித்த எழுபதாயிரம் சேர்த்து 18,84,400, மனு நாளிலிருந்து ஏழரை சதவீத வட்டி. இறந்தவர் இறங்கியே நின்றார், மூன்றாம் நபர்தான். வண்டி விவசாயத்துக்கு அல்லாமல் கட்டணம் பெற்று ஓடியது வண்டிக்காரரே ஒப்புக்கொண்டபடி நிரூபணமாகிறது. கம்பெனி செலுத்திவிட்டு முதல் எதிர்மனுதாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். தீர்ப்பில் ‘அவரே ஒப்புக்கொண்டபடி’ என்ற சொற்கள் மூன்று இடத்தில் வந்தன.

கம்பெனி வட்டியோடு 21 லட்சத்துக்கு மேல் கட்டியது. பிள்ளைகளின் பங்கு வங்கியில் வைப்பாகப் போயிற்று, விதவையின் பங்கில் ஒரு பகுதி கைக்கு வந்தது. அவர் காசோலை வாங்கிய அன்று தாழ்வாரத்தில் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் எந்தப் பக்கத்து வக்கீல் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

பிறகு வசூல். இதற்குக் கம்பெனி தனியாக வழக்குப் போட்டு மறுபடி நிரூபிக்கத் தேவையில்லை, அதே தீர்ப்பை வைத்து நேராக நிறைவேற்று மனு போடலாம், அந்த வண்டியையே பிணையாகப் பற்றலாம் என்று 2004இல் நஞ்சப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி செய்து வைத்திருக்கிறது. மனுவைத் தயாரித்தது நான். டிராக்டரைப் பற்ற அமீனா போனபோது, அது ஏற்கெனவே கடன் கொடுத்த வங்கிக்கு அடமானம் என்று பதிவாகியிருந்தது தெரிந்தது. பாக்கி, வண்டியின் விலையைவிடக் கொஞ்சம் கூடுதல். பற்றுதல் உத்தரவு வந்த நாளிலிருந்து வண்டி ஓடவில்லை, ஓடாததால் தவணை நின்றது, தவணை நின்றதால் வங்கி எடுத்துக்கொண்டு போய் விற்றது. கம்பெனிக்கு அதில் ஒரு ரூபாய் வரவில்லை. வீடு புறம்போக்கில், பட்டா இல்லை. ஜப்தி செய்ய மிச்சமிருந்தது ஒரு பீரோ.

ஆகவே அடுத்த கட்டமாக, கடனைக் கட்டாததற்காக உங்களை ஏன் சிவில் சிறையில் வைக்கக் கூடாது என்று காரணம் கேட்கும் நோட்டீஸ். அதையும் எழுதியது நான்தான். கட்ட வசதியிருந்தும் கட்டாமல் ஏமாற்றுகிறவரைத்தான் அப்படி அடைக்க முடியும், வெறும் ஏழ்மைக்காகச் சிறை கிடையாது என்று 1980இலேயே நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிவிட்டார்; எனக்கு அது தெரியும், நீதிமன்றத்துக்கும் தெரியும். நோட்டீஸை வாங்குகிறவருக்கு அது தெரியாது என்பதில்தான் அந்த நோட்டீஸின் பலமே இருக்கிறது. அவர் மறுநாளே மனைவியின் கம்மலை விற்று முப்பதாயிரம் கொண்டுவந்து கட்டினார். அதன்பிறகு மாதம் மூன்றாயிரம் என்று நீதிமன்றம் தவணை போட்டது. இருபத்தொரு லட்சத்தை அந்தக் கணக்கில் அடைக்க எத்தனை வருடம் ஆகும் என்று நான் ஒருநாள் காகிதத்தின் ஓரத்தில் வகுத்துப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு வருடம் வந்தது, அதுவும் வட்டியில்லாமல். சில மாதம் கட்டினார். கொரோனா வந்தது, நின்றது. வசூலாகாத பாக்கிகளின் பட்டியலுக்குக் கம்பெனி அந்தக் கோப்பை நகர்த்திவிட்டது. இதற்குள் நானும் அந்தப் பட்டியலிலிருந்து விலகியிருந்தேன்.

2022இல் ஒரு சாயங்காலம் என் அறைக்கு ஒரு பையன் வந்தான். முதலில் அடையாளம் தெரியவில்லை. பின்னாலேயே அந்த டிராக்டர்காரர் வந்தபோது தெரிந்தது. தலை முழுக்க நரைத்திருந்தது. யாரோ ஒருவரின் தண்ணீர் லாரியை ஓட்டிக்கொண்டிருக்கிறாராம். மகன் பெயரில் பழைய டிராக்டர் ஒன்று வாங்குகிறார்கள். நான் வேறு எதற்காகவோ வந்திருக்கிறார் என்று எண்ணி வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் பையிலிருந்து இன்சூரன்ஸ் விண்ணப்பப் படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“எங்களுக்குத் தெரிஞ்ச இன்சூரன்ஸ் வக்கீல் நீங்கதான் சார். எப்படி எழுதணும்னு சொல்லுங்க. ஏஜென்டு விவசாயம்னே போட்டுர்லாம்ன்றான்.”

வேண்டாம் என்றேன். இன்சூரன்ஸை மட்டும் மாற்றினால் போதாது, ஆர்.சி. புத்தகத்திலும் வணிகப் பயன்பாட்டுக்கு மாற்ற வேண்டும், ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடக்க வேண்டும், வரி கூடும், பெர்மிட், எஃப்.சி. எல்லாம் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பையன் போனில் குறித்துக்கொண்டான். செலவைக் கூட்டிப் பார்த்து முகம் சுருங்கியது. அவர் மட்டும், “பரவால்ல, கட்டிர்லாம்” என்றார்.

படிவத்தில், வண்டி எந்தெந்த உபயோகத்துக்கு என்ற இடத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கட்டம் விட்டிருந்தார்கள். பேனாவை அவரிடம் நீட்டினேன். உங்க கையெழுத்துல இருக்கட்டும் சார் என்றார். தண்ணீர் டேங்கர் என்று எழுதினேன். கட்டடப் பொருள் என்று எழுதினேன். பேனா நின்றதைப் பார்த்து அவர் குனிந்து கட்டத்தைப் பார்த்தார்.

“மணல் தள்றதையும் போடுங்க சார்,” என்றார். “கூப்ட்டா போவாம இருக்க முடியாது.”

இடம் போதவில்லை. எழுத்தைச் சின்னதாக்கிக் கட்டத்தின் கோட்டை ஒட்டி எழுதினேன்.